கார்போகரிசி நிறம் கொடுக்குமா, கறுக்க வைக்குமா?

நெல்லைச்சீமை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சோப்பு கிடையாது, அத்தை அரைக்கும் குளியல் பொடிதான். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, அதோடு கொஞ்சம் கார்போகரிசி. இந்தத் தடவை அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் நாட்டு மருந்துக்கடைக்கு நான் போனேன். அவர்கள் சொன்னது 50 கிராம், நான் கால் கிலோ வாங்கிவிட்டேன். வாங்கியது வீணாகப் போகக் கூடாதே என்று அத்தனையையும் மில்லில் கொட்டி அரைத்தாயிற்று.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பொடியைத் தயிரில் குழைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, முகம், கழுத்து, முன்கை எல்லாம் பூசிக்கொண்டு, காயட்டும் என்று அப்படியே மொட்டைமாடிக்குப் போய் கூழ் வற்றல் பிழிந்தேன். பதினொரு மணி வெயில், முக்கால் மணி நேரம் இருக்கும். ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிச்சல், மூன்றாம் நாள் செக்கச்செவேல், ஒன்றரை வாரம் கழித்துக் கன்னத்தில் கருந்திட்டு. முன்கையில் இன்னும் மோசம், குழைத்தது வழிந்த தடம் அப்படியே கோடு கோடாகக் கறுத்திருக்கிறது, யாரோ பிரஷ்ஷால் இழுத்த மாதிரி.

இப்போது என் சந்தேகம். கார்போகரிசியை வெண்குட்டத்துக்கு நிறம் வரவைக்கக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் கறுக்க வைக்கிற விதையை எதற்குப் பளபளப்புக்கு என்று பொடியில் போடுகிறார்கள்? இன்னொன்று, இணையத்தில் ஒருவர் அதிமதுரப் பொடி விற்கிறார், "செல் ஆய்வில் மெலனினைக் குறைப்பது நிரூபணம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அதைப் பூசினால் இந்தத் திட்டு போகுமா? வெள்ளையாக ஆசை இல்லை, என் நிறம் எனக்குத் திரும்பி வந்தால் போதும்.

ஆய்வகப்பூனை:

முதலில் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அதுவரை பொடியை நிறுத்துங்கள், திட்டின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் பூசி சோதனை செய்ய வேண்டாம். நான் டாக்டர் இல்லை, ஆறு வருடம் செல் வளர்ப்பு அறையில் குந்தியிருந்தவன், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன அந்தக் கோடுதான் துப்பு. கார்போகரிசியில் சோராலென் என்று ஒரு பொருள் இருக்கிறது. சின்ன மூலக்கூறு, எண்ணெய்ப் பசையில் கரையும், தோலுக்குள் சுலபமாக இறங்கிவிடும். இருட்டில் பெரிதாக ஒன்றும் செய்யாது. செல்லுக்குள் போய் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே சும்மா செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயிலில் இருக்கிற யு.வி.ஏ. கதிர் பட்டதும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும். செல்லுக்கு அது பெரிய அடி. எரிச்சல், சிவப்பு எல்லாம் அதனால்தான், உடனே தெரியாமல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போவதும் இதன் வழக்கம். அப்புறம் தோல் தற்காப்புக்கு மெலனின் என்ற நிறப்பொருளைக் கொட்டும். எங்கே பசை பட்டதோ, அங்கே வெயிலும் பட்டால், அங்கே மட்டும் கறுக்கும். அதனால்தான் வழிந்த தடம் கோடாக வந்திருக்கிறது. போதாததற்கு எலுமிச்சை வேறு பிழிந்திருக்கிறீர்கள்! அதிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு, சாற்றைவிடத் தோலில் அதிகம். பிழியும்போது தோல் எண்ணெயும் சேர்ந்துதான் வரும். நீங்கள் செய்தது ஒன்றுக்கு இரண்டாக.

"பளபளப்புக்கு ஏன் போடுகிறார்கள்" என்பதற்கு என் ஊகம், அரிப்பு, படை வராமல் இருக்கத்தான் பழைய ஆட்கள் ஒரு கைப்பிடி சேர்த்திருப்பார்கள். நிறத்துக்கு என்பது பிற்பாடு பாக்கெட்டில் அச்சடித்தது.

இப்போது அதிமதுரம். இதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். நம் மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் அங்கங்கே இருக்கும். ஆக்டோபஸ் மாதிரி கை நீட்டி, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள 36 செல் வரைக்கும் நிறப் பொட்டலங்களை விநியோகம் செய்யும். கறுப்போ சிவப்போ, எல்லார் உடம்பிலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலத்தின் அளவும் அதில் என்ன சரக்கு என்பதும்தான் வேறு. சரக்கு தயாராவது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, அதை முதலில் மாற்றும் நொதிக்கு டைரோசினேஸ் என்று பெயர், உள்ளே தாமிரம் வைத்திருக்கிற நொதி. "மெலனினைக் குறைக்கும் மூலிகை" என்று விற்பதில் முக்கால்வாசி இந்த நொதியின் கையைக் கட்டுகிறது என்ற கணக்கில்தான் விற்கப்படுகிறது.

ஆனால் அந்தச் சோதனையை எதில் செய்கிறார்கள் தெரியுமா? மலிவானது காளான் டைரோசினேஸ், பொடியாகப் பாட்டிலில் வரும். வாழைப்பூ நறுக்கினால் கறுக்கிறதே, அதைச் செய்வதும் இதற்குப் பங்காளி நொதிதான். மோரில் போட்டால் வாழைப்பூ கறுக்காது, அதற்காக மோர் பூசினால் முகம் வெளுக்கும் என்று யாரும் சொல்வதில்லை. காளான் சோதனையை வைத்துச் செய்யும் விளம்பரம் கிட்டத்தட்ட அந்த ரகம். காளானின் நொதியைப் பிரமாதமாக அடக்குகிற சில பொருள்கள் மனித நொதியிடம் போனால் நோஞ்சானாகிவிடும்.

அடுத்த படி பி16 செல். எலியின் நிறப்புற்றிலிருந்து வந்தவை, ஊக்க ஹார்மோனைக் கொடுத்து மூன்று நாள் விட்டால் செல் வளர்கிற ரோஸ் நிறத் திரவமே கட்டங்காப்பி ஆகிவிடும். செல்லைச் சுழற்றி அடியில் படிய வைத்தால் குழாய் நுனியில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மருந்து கொடுத்த குழாயில் அந்தப் பொட்டு பால் டீ நிறத்தில் இருந்தால் நாங்கள் குதிப்போம். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிக் கரைத்து 405 நானோமீட்டரில் அளவு எடுப்போம். இதில் நான் வாங்கின அடி ஒன்று சொல்கிறேன். மஞ்சள் சாறு கொடுத்த குழாய்களில் மெலனின் ஏகமாகக் கூடியதாக ஒரு மாதம் கணக்கு காட்டினேன். வழிகாட்டி குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டில ஆரத்தியே எடுத்ததில்லையா?" என்றார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற அதே சமாச்சாரம், காரத்தில் மஞ்சள் சிவந்து அளவைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, மெலனின் ஒன்றும் கூடவில்லை. ஒரு மாதம் போச்சு.

அதிமதுரத்தில் வேடிக்கை இதைவிடப் பெரிது. கிளாப்ரிடின் என்று ஒன்று அதில் இருக்கிறது, 1998-இல் ஜப்பானியர்கள் பி16 செல்லில் போட்டு, மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 மைக்ரோகிராம் அளவிலேயே, செல்லைக் கொல்லாமல், டைரோசினேஸை அடக்குகிறது என்று காட்டினார்கள். நல்ல வேலை அது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. தண்ணீரில் இறங்குவது இனிப்பாக இருக்கிற கிளைசிரைசின். அந்தக் கிளைசிரைசினைத் தனியாக அதே பி16 செல்லில் போட்டவர்கள் கண்டது என்ன? மெலனின் கூடியது! ஒரே வேர், ஒரே செல், நேர் எதிர் விடை. கிளைசிரைசின் பெரிய மூலக்கூறு, முழுத்தோலைத் தாண்டி உள்ளே போகத் திணறும், அதனால் அதிமதுரம் தடவி யாரும் கறுத்துப் போகவும் மாட்டார்கள். ஆனால் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு கிளாப்ரிடின் வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம்.

இளவேனில்:

இந்தக் கேள்வியில் "வெண்குட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள் அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம், வெண்புள்ளி என்று சொல்லுங்கள். குட்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தொற்றாது. எனக்குப் பதினாலு வயதிலிருந்து இருக்கிறது, அந்த ஒரு சொல்லால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்தவன் நான்.

கார்போகரிசி எனக்குப் பழைய சிநேகிதம். சின்ன வயதில் ஒருவர் சொன்னார் என்று எங்கள் ஆத்தா விதையை அரைத்து முழங்காலில் இருந்த வெள்ளைத் திட்டில் அப்பி, களத்தில் உட்கார வைத்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் கணக்கில்லை. ரெண்டாம் நாள் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம், பள்ளிக்கூடம் ஒரு வாரம் போச்சு. பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் அதே ஜாதி மருந்துதான், ஆனால் அளந்து கொடுத்தார்கள். தடவி, சொன்ன நேரம் கழித்து, வெயிலில் சில நிமிடம் மட்டும், அதையும் வாரத்துக்கு இத்தனை நாள் என்று. மாத்திரையாகச் சாப்பிட்ட நாளில் சாயங்காலம் வரை கறுப்புக் கண்ணாடி கழற்றக் கூடாது. இதையே எகிப்தில் 1940-களில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் வேறொரு செடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்த சோராலெனை வைத்து ஆரம்பித்தார் என்று டாக்டர் சொன்னார், நைல் கரையில் விளைகிற செடியாம்.

நிறம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். திட்டு மொத்தமாகக் கறுக்காது. ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி வரும், அது பரவி ஒன்றோடொன்று சேரும். முடி வேருக்குள் நிறச்செல்கள் கொஞ்சம் ஒளிந்திருக்குமாம், அதுதான் கிளம்பி மேலே வருகிறது. முடியே வெளுத்துப்போன திட்டில் எனக்குக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

மிளகும் இதற்கு உதவும் என்று சொல்கிறார்களே பூனை சார், உண்மையா?

ஆய்வகப்பூனை:

ஆத்தா பயமுறுத்திவிட்டார்! மிளகுச் சாறும் அதிலுள்ள பைப்பரினும் எலியின் நிறச்செல்களைப் பெருக வைக்கிறது என்று 1999-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆட்கள் எழுதினார்கள், பிறகு எலித் தோலிலும் பார்த்தார்கள். பெருக வைப்பது வேறு, மெலனின் சுரக்க வைப்பது வேறு, இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். வீட்டில் மிளகை அரைத்துப் பூசாதீர்கள் தம்பி, எரிந்தால் வெண்புள்ளி அங்கே புதிதாகக் கூட வரலாம்.

ஆத்தூர்க்காரன்:

நான் விவசாயி, இதில் குறுக்கே வரலாமா தெரியவில்லை. எங்கள் பக்கம் மருந்துக்கூர்க்கன் போட்டிருக்கிறோம், ஊரில் கோலியஸ் என்றால்தான் தெரியும். கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தம் போட்டுக் கிழங்கைக் காயவைத்து எடுத்துக்கொண்டு போவார்கள், உடம்பு இளைக்க மாத்திரை செய்கிறார்கள் என்று சொன்னார்கள். ஒரு தடவை வந்த ஆபீசர் பையன் "இதிலிருந்து தோலைக் கறுப்பாக்கும் மருந்தும் எடுக்கலாம் அண்ணே" என்றான். வெள்ளைக்காரனுக்குக் கறுக்க ஆசை, நம்ம ஊர்க்காரனுக்கு வெளுக்க ஆசை என்று சிரித்துவிட்டு விட்டோம். அது சும்மாவா, நிசமா?

ஆய்வகப்பூனை:

நிசம்தான் அண்ணே. ஃபோர்ஸ்கோலின் என்று பெயர். சோராலென் மாதிரி அடித்துக் கறுக்க வைக்கிற வேலை இல்லை, டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. வெயில் பட்டால் தோல் ஒரு ஹார்மோனை அனுப்பும், அது நிறச்செல்லின் வாசல் மணியை அடிக்கும், உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதன் ஏறும், அவன் போய் மெலனின் மேஸ்திரியை எழுப்புவான். செம்பட்டை முடிக்காரர்களுக்கு அந்த வாசல் மணியே பழுது, அதனால்தான் வெயிலில் சிவப்பார்களே ஒழியக் கறுக்க மாட்டார்கள். ஃபோர்ஸ்கோலின் மணி அடிக்காமல் நேரே உள்ளே போய்த் தூதனைக் கிளப்பிவிடும். 2006-இல் பாஸ்டனில் மணி பழுதான எலிகளுக்கு இதைத் தடவினார்கள், வெயிலே இல்லாமல் எலி கறுத்தது. எங்கள் லேபில் செல் கறுக்க வேண்டும் என்றால் இதையே ஒரு சொட்டு விடுவோம். ஆனால் எலித்தோல் காகிதம், நம் தோல் தடிமன், அந்த அளவுக்கு உள்ளே இறங்கவில்லை. கிழங்கை அரைத்துத் தடவ யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

ஒசாகாவிலிருந்து:

"செல்லில் நிரூபணம்" என்பதைப் படித்ததும் இங்கே நடந்ததைச் சொல்லத் தோன்றியது. ரோடோடென்ட்ரால் என்று ஒரு பொருள், பிர்ச் மரம், மேப்பிள் மரப்பட்டை மாதிரி இடங்களில் இருப்பது. டைரோசினேஸை அடக்குகிறது, மெலனினைக் குறைக்கிறது, தாவரத்தில் உள்ளது, அரசு அனுமதியும் 2008-இல் கிடைத்தது. கானெபோ நிறுவனம் கிரீம்களில் போட்டு விற்றது. 2013 ஜூலையில் மொத்தச் சரக்கையும் திரும்பப் பெற வேண்டி வந்தது, பூசியவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு முகம், கழுத்து, கைகளில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. ஆயிரக்கணக்கான பேர். என் பக்கத்து அடுக்கில் ஒரு அம்மாவுக்கு இன்றைக்கும் கழுத்தில் மிச்சம் இருக்கிறது, கோடையிலும் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டுதான் காய்கறி வாங்க வருவார்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. அந்தப் பொருள் டைரோசினேஸை அடக்கியது அதோடு மல்லுக்கட்டி அல்ல, தானே அதற்கு இரையாகி. நொதி அதைக் கடித்து வேறொரு பொருளாக மாற்றுகிறது, அந்தப் பொருள் செல்லுக்கு விஷம். எந்தச் செல்லில் டைரோசினேஸ் அதிகம் ஓடுகிறதோ அந்த நிறச்செல்தான் முதலில் சாகும். மெலனின் குறைந்தது, சரிதான், தயாரிக்கிற ஆளே போய்விட்டான்.

பழனிச்சந்தனம்:

எல்லாம் சரி. ஆனால் எங்கள் பாட்டி, அவர் பாட்டி எல்லாம் கார்போகரிசி போட்ட பொடிதான் தேய்த்தார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லேப்காரர்கள் இயற்கையை எல்லாம் பயமாகக் காட்டுவதே பிழைப்பாகிவிட்டது.

நெல்லைச்சீமை:

எல்லோருக்கும் நன்றி. இளவேனில் தம்பி, வெண்புள்ளி என்றே இனிச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். பார்த்தவுடனே "என்ன பூசிட்டு வெயில்ல நின்னீங்க?" என்று அவர்தான் கேட்டார், நான் வாயைத் திறக்கவே இல்லை. சன்ஸ்க்ரீனும் ஒரு களிம்பும் கொடுத்திருக்கிறார், தானாக மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். சாதாரணக் கண்ணாடி வழியாகவும் இந்தக் கதிர் வருமாம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கையை மூடிக்கொள்ளச் சொன்னார்.

பழனிச்சந்தனம் சொன்னதையேதான் அத்தையும் சொன்னார்கள், "நாப்பது வருஷமா தேய்க்கேன், எனக்கு ஏன் வரல?" என்று. எனக்கும் பதில் தெரியவில்லை. நேற்று சும்மா பேச்சுவாக்கில் எப்போது தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். விடியுமுன் அஞ்சு மணிக்கு. தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்களாம், ஊறவைக்கிற பழக்கமே கிடையாது. எலுமிச்சையா? "அது சாதத்துக்குல்லா" என்றார்கள். குளித்துவிட்டு அடுப்படிக்குள் போனால் மத்தியானம் வரைக்கும் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

பொடி ஒரு டப்பா நிறைய மிச்சம் இருக்கிறது. கொட்டவும் மனசில்லை, வைக்கவும் பயம்.

ஆய்வகப்பூனை:

கொட்டிவிடுங்கள் அக்கா. கொட்டும்போது கையில் பட்டால் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.